மரியாதை தெரிந்த கிட்டார்

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு பரம்பரை வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் திருப்பிப் போட்டு, அடியில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று பார்ப்போம். பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை வெலை? கணபதிப் பட்டறையில குடுத்தா செஞ்சு குடுத்துப்போடுவாங்க" என்போம். ஜெர்மனி இயந்திரமும் ஜப்பான் இயந்திரமும் இந்த ஒரு வாக்கியத்துக்குத் தலைவணங்கியிருக்கின்றன. வணங்காத ஒரே பொருள் பெடல் ஸ்டீல் கிட்டார். அது என்னைத்தான் வணங்க வைத்தது. ஒரு கல்யாண மேடையில், ஊரே பார்த்திருக்க, திரும்பத் திரும்ப.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு மெல்லிசைக் குழுவில் ஹவாயன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். (மடியில் படுக்கப் போட்டு, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்துத் தேய்த்து வாசிக்கிற கிட்டார். பார்ப்பதற்குத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பது போலிருக்கும். நான் வாசித்தால் கேட்பதற்கும் ஏறக்குறைய அப்படித்தான்.) சோகப் பாட்டுகளில் நாயகி அழுது முடித்ததும் மிச்ச அழுகையை அழுவது என் பொறுப்பு. அதற்கு மரியாதையும் இருந்தது, டெம்போவில் முன்சீட்டும் இருந்தது.

அப்புறம் கீபோர்டு வந்தது. கூடவே அதை வாசிக்க ஸ்டீபன் என்று ஒருவனும் வந்தான். குழுவின் சொந்தக்காரரான மாஸ்டர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். எங்கள் ஊரில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினால் வேலை போகிறது என்று அர்த்தம்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. இதுல ஒரு பட்டன் இருக்குது பாரு. அமுக்குனா உன்ற கிட்டாரு சத்தம் அப்படியே வருது. இந்தப் பட்டன் டீ கேக்கறதில்ல. முன்சீட்டு கேக்கறதில்ல. பாட்டுக்கு நடுவுல தூங்கறதுமில்ல."

கடைசி வாக்கியம் எனக்கு மட்டும் சொல்லப்பட்டது அல்ல என்று இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அப்பா இதைக் கேட்டு வருத்தப்படவில்லை. அவருக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் பம்ப் கடை. "ஒரு பட்டன் வந்து உன்னையத் தூக்கியடிச்சுப்போட்டுதுன்னா அதெல்லாம் ஒரு பொழப்பாடா? கடைக்கு வந்து உக்காரு. மோட்டாருக்குப் பட்டன் போட்டாலும் விக்கறதுக்கு ஆளு வேணும்" என்றார். எனக்கோ பம்ப் கடையில் உட்காருவதைவிட பம்ப் போட்ட கிணற்றிலேயே குதிக்கலாம் என்றிருந்தது. வயது அப்படி.

ஆனால் வினை அந்தக் கடையிலேயேதான் காத்திருந்தது. பேரிங் பொட்டலம் கட்ட அப்பா எடைக்கு வாங்கிப்போடும் பழைய காகிதத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் கலந்து வரும். அதில் ஒன்றில், ஒரு பக்கத்தில், அவள்... மன்னிக்கவும், அது இருந்தது. நான்கு கால் வைத்த மேசை மாதிரி ஒரு கிட்டார். மேலே பத்துக் கம்பிகள். கீழே வரிசையாகப் பெடல்கள். இடது காலால் பெடலை மிதித்தால் கம்பிகள் இழுபட்டுச் சத்தம் மேலே ஏறும். வலது காலுக்கு வேறொரு பெடல். அதை அமுக்க அமுக்க ஒலி பெருகும். கை இரண்டும் வேறு சும்மா இருக்கக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் ஓட்டியபடி அழுகிற வாத்தியம். எந்தப் பட்டனால் இது முடியும்?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். விலை மலிவு, கற்றுக்குட்டிக்கும் ஏற்றது, தொழில்முறைக் கச்சேரிக்கும் தாங்கும் என்று. (வரன் பார்க்கும்போது 'நல்ல நிறம், நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது' என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? விசாரிப்போம். நான் விசாரிக்கவில்லை.) டவுன்ஹாலில் ஒரு வாத்தியக் கடையில் அந்தப் பக்கத்தைக் காட்டி, வரவழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இதுக்கு ஆவுற காசுல தோட்டத்துல போர் போட்டு மோட்டாரும் எறக்கிப்போடலாம்ங்க."

வியாதி தலைக்கேறியது. பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

அங்கே வேலுச்சாமி அண்ணன் பட்டறை வைத்திருந்தார். அப்பாவின் கடைக்கு மோட்டார் உதிரி பாகங்கள் செய்து கொடுப்பவர். படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பி இன்னொரு நிமிடம் பார்த்தார்.

"செஞ்சு போடலாம்" என்றார்.

"அடியில என்ன இருக்குதுன்னு படத்துல தெரியலீங்கண்ணா."

"அடியில என்ன இருக்கும்? ராடு இருக்கும், ஸ்பிரிங் இருக்கும். அமெரிக்காக்காரன் என்ன அடியில மந்திரிச்ச தாயத்தா கட்டித் தொங்கவுட்டிருப்பான்?"

"மேல ஒடம்பு மரத்துல செய்யணும்னு போட்டிருக்குதுங்க."

"மரமா?" அவர் முகம் அருவருப்பில் சுருங்கியது. "மழையில ஊறிப்போயிருமே."

"மழையில வாசிக்க மாட்டமுங்கண்ணா."

"கெணத்து மேட்டுல வெச்சா?"

கிணற்று மேட்டில் வைக்காத ஒரு இயந்திரத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. எனக்கும் எடுத்துச் சொல்லத் தெம்பில்லை. ஆகவே உடம்பு வார்ப்பிரும்பில் ஆனது. பெடல்கள் பழைய மொபட்டின் பிரேக்கிலிருந்து வந்தன. ஸ்பிரிங்குகள் சோமனூரில் தறி வைத்திருந்த அவர் மச்சானிடமிருந்து வந்தன. தறிக்கு உழைத்த ஸ்பிரிங் லேசில் அசையுமா? பெடலை மிதிக்க வேண்டுமென்றால் நாற்காலியிலிருந்து பாதி உடம்பைத் தூக்கி, முழு எடையையும் காலில் போட வேண்டியிருந்தது. இந்த விவரத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மோட்டாருக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அடித்து, கிரீஸ் வைக்க ஓட்டையும் போட்டு, "தண்ணிக்குள்ள எறக்குனாலும் ஒண்ணும் ஆவாது" என்ற உத்தரவாதத்தோடு ஒப்படைத்தார். நான்கு பேர் சேர்ந்தால் தூக்கலாம். ஐந்தாவது ஆள் வழியில் இருப்பவர்களை நகரச் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: சத்தம் வந்தது. நல்ல சத்தமே வந்தது. அப்பாவின் குடோனில் பம்புகளுக்கு நடுவே அதை வைத்து மாதக்கணக்கில் பழகினேன். யாரும் வரமாட்டார்கள். நானும் மோட்டார்களும் மட்டும். கனவில் மிதந்தேன்.

மாஸ்டர் வந்து பார்த்தார். கிட்டாரைச் சுற்றி நடந்தார். "எத்தனை எச்.பி.?" என்று கேட்டார். பிறகு ஒரு பாட்டு வாசித்துக் காட்டியதும் கொஞ்சம் இளகினார்.

"பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு கல்யாணம். பெரிய எடம். மொதநாள் ரிசப்ஷனுக்கு நம்ம கச்சேரி. நல்லா வாசிச்சீன்னா சீசன் பூராவும் உன்ற சீட்டு உனக்கு. கோளாறு பண்ணுனீன்னா..." என்று இழுத்து, ஸ்டீபனின் பட்டன் இருக்கும் திசையைப் பார்த்தார். அப்பாவும் ஒப்புக்கொண்டார். "இந்த ஒரு கல்யாணம். தேறலீன்னா மறுநாக் காத்தால கல்லாவுல இருக்கோணும்."

ஆக, என் முழு வாழ்க்கையும் அந்தப் பச்சை இரும்பின் மேல் ஏற்றப்பட்டு டெம்போவில் போனது. (நான் பின்னால். முன்சீட்டில் கீபோர்டு.)

மண்டபத்தில் மேனேஜர் தடுத்தார். "ஏனுங்க, மேடை பூரா பலகைங்க. இந்த எடைக்குத் தாங்காதுங்க. படிக்கட்டுப் பக்கம் மட்டும் கான்கிரீட்டு. அங்க வெச்சுக்குங்க." அப்படித்தான் மற்ற வாத்தியக்காரர்கள் மேடையின் பின்னால் உட்கார, நான் மட்டும் படிக்கட்டின் தலைமாட்டில் அமர்ந்தேன். மாப்பிள்ளை பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்ல வருகிற ஒவ்வொருவரும் என்னை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் பாட்டு அருமையாகப் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் பெண்ணின் தாத்தா படியேறினார். தடி ஊன்றி, வெள்ளை வேட்டியில், மெதுவாக.

இங்கேதான் அமெரிக்காக்காரனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். அவன் ஊரில் தாத்தா வந்தால் வாசிப்பவன் வாசித்துக்கொண்டே இருப்பான். எனக்குப் பெரியவர் ஒருவர் ஒரு முழத்துக்குள் வந்தால் இடுப்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். கை தானாகக் கூப்பிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து அம்மா என் முழங்காலில் வைத்த ஸ்பிரிங் அது. சோமனூர் ஸ்பிரிங்கைவிடப் பலமானது. பாதி எழுந்து, "வாங்க" என்று கும்பிட்டேன்.

பாதி எழுந்ததும் என் முழு எடையும் காலில் இறங்கியது. இடது கால் எல்லாப் பெடல்களையும் ஒருசேர மிதித்தது. வலது கால் ஒலியை உச்சத்துக்குக் கொண்டுபோனது. கும்பிடப் போன கையின் நகங்கள் பத்துக் கம்பிகளையும் வாரிக்கொண்டு போயின. கன்றைப் பிரிந்த எருமை, மில் சங்கு, கரகரக்கும் கதவு ஆகிய மூன்றும் கட்டிப்பிடித்து அழுதால் எப்படியிருக்கும்? "ஞ்ஞாஆஆஆவ்வ்வ்ங்ங்" என்று கீழே தொடங்கி மேலே ஏறி, மண்டபத்தின் மின்விசிறிகளைத் தொட்டு நின்றது.

தாத்தா நின்றார். கிட்டாரைப் பார்த்தார். பாதி எழுந்து கும்பிட்டபடி உறைந்திருந்த என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டாருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பா. எழமாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். இடுப்பு கேட்கவில்லை. ஞ்ஞாவ்வ்வ்ங். அடுத்து பஞ்சாயத்துத் தலைவர். ஞ்ஞாவ்வ்வ்ங். அடுத்து தீவனக் கடைக்காரர். அதற்குள் முன்வரிசையில் பேச்சு கிளம்பிவிட்டது.

"பாரப்பா, பெரியவங்களப் பாத்தா மிசினே எந்திரிச்சுக் கும்புடுது!"

"பட்டணத்துல இப்ப இப்படித்தானாட்ட இருக்குது. செலவு பண்ணியிருக்கறாங்க."

பாட்டு முடிந்த இடைவெளியில் மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு என் காதருகே வந்தார். வாயில் புன்னகை, கண்ணில் கொலை. "இன்னொருக்கா எந்திரிச்சீன்னா உன்னையும் உன்ற மோட்டாரையும் இங்கயே போர்ல எறக்கிப்போட்டுப் போயிருவேன்."

வேறு வழியில்லை. என் இடுப்பை நானே நம்ப முடியாத நிலை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, இடுப்போடு சேர்த்து நாற்காலியின் முதுகில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பெடலை மிதிக்க முடியாது, போகட்டும். யார் வருகிறார்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காகக் கண்ணையும் மூடிக்கொண்டேன். வாசித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வாழ்க்கையில் முதல் முறையாக நான் நன்றாக வாசித்தேன். எனக்கே கண்ணில் நீர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அன்னூர்க்காரர் வந்தார்.

அன்னூர்க்காரர் பெண்ணின் தாய்மாமன். தோட்டம், கோழிப்பண்ணை, மீசை மூன்றும் பெரிது. மிசின் எழுந்து கும்பிடுகிற கதை வாசலிலேயே அவர் காதுக்குப் போயிருந்தது. பத்துப் பதினைந்து பேர் சீர்த் தட்டுகளோடு பின்னால் வர, அவர் முன்னால் படியேறினார். உச்சிப் படியில் நின்றார். என் பக்கம் திரும்பினார். துண்டைச் சரிசெய்துகொண்டார். காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை.

இதையெல்லாம் ஸ்டீபன்தான் பிறகு எனக்குச் சொன்னான். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினாராம். கண்ணை மூடிக்கொண்டிருந்த நான் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்துச் சொக்கினேனாம். அவர் அப்படியே திரும்பினார். பின்னால் வந்த தட்டுகளும் திரும்பின. மொத்த ஊர்வலமும் வந்த படியில் இறங்கி, வாசலைத் தாண்டி, வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கொங்கு நாட்டில் ஒருவரை 'வாங்க' என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதிலும் தாய்மாமன். மறுநாள் முகூர்த்தத்தில் அவர் இல்லாமல் ஒரு சடங்கும் நகராது. பெண்ணின் அப்பா ஓடினார். மாஸ்டர் ஓடினார். நான் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்ததால் நாற்காலியோடு ஓடினேன். (வியர்வையில் முடிச்சு இறுகிவிட்டது.)

"ஒண்ணுமில்லீங்க மாப்ள" என்றார் அன்னூர்க்காரர், பெண்ணின் அப்பாவிடம். "தீவனக் கடைக்காரருக்கெல்லாம் சத்தம் போட்டு எந்திரிச்சாங்க. நல்லதுங்க. நாம பொண்ணுக்கு மாமன்தானுங்க. நமக்கெதுக்குங்க அதெல்லாம். நாங்க கெளம்பறமுங்க."

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற 'ங்க' கூடும். அந்தப் பேச்சில் இருந்த 'ங்க'வை எண்ணிப் பார்த்தாலே கல்யாணம் நிற்கப்போவது தெரியும். பக்கத்தில் மணப்பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார். என் சீட்டு போனால் பம்ப் கடை இருக்கிறது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். உண்மையைச் சொன்னேன்.

"ஐயா, அது மரியாதையே இல்லீங்க. கோளாறுங்க. எந்திரிச்சாப் பெடலு அமுங்கிக் கத்திப்போடுதுங்க."

அன்னூர்க்காரர் யோசித்தார். அவர் முகம் தெளியத் தொடங்கியது. ஆனால் எனக்குப் பின்னாலிருந்து ஒரு தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஏப்பா," என்றார் பெண்ணின் தாத்தா. "அப்ப எனக்குப் போட்டது கோளாறா?"

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்குப் பின்னால் பஞ்சாயத்துத் தலைவர். தீவனக் கடைக்காரர், கையில் பாதி கடித்த ஜாங்கிரியோடு. எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. ஒரே வாக்கியத்தில், கோபித்துக்கொண்ட ஒருவரைப் பலராகப் பெருக்கிக் காட்டிய சாதனை என்னுடையது.

மாஸ்டர் என்னை நாற்காலியோடு ஒதுக்கித் தள்ளினார். கச்சேரிக்காரர் அல்லவா, எந்த மேடையையும் சமாளிப்பார். "அவன் கெடக்கறானுங்க, வெவரம் பத்தாதுங்க. எல்லாருக்கும் போட்டது மரியாதைதானுங்க. மாமனுக்கு மட்டும் தனியாப் பெருசா வெச்சிருந்தமுங்க. படிக்கட்டுல நின்னு வாங்கற மரியாதைங்களா அது? மிசினே எறங்கி வரோணுமுங்க." பிறகு திரும்பி, "தூக்குங்கடா!" என்றார்.

சமையல்கட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பச்சைக் கிட்டார் படியிறங்கி, சாப்பாட்டுப் பந்தியைக் கடந்து, வாசலுக்கு வந்தது. பின்னாலேயே நீள ஒயரைப் பிடித்துக்கொண்டு ஸ்டீபன். அன்னூர்க்காரருக்கு நேர் எதிரே அதை இறக்கினார்கள். என்னை அதன் முன்னால் இறக்கினார்கள். சுற்றிலும் மொத்தக் கல்யாணமும் நின்றது.

நான் எழுந்தேன். முதுகில் நாற்காலியோடு, பெடல்களின் மேல் முழு உடம்பையும் ஏற்றி, கை கூப்பி, "வாங்கோ!" என்றேன்.

அன்றைக்கு வந்த சத்தத்தை இனிமேல் யாராலும் கொண்டுவர முடியாது. தெருநாய்கள் பதிலுக்கு ஊளையிட்டன. மெயின் ரோட்டில் ஒரு லாரி, என்னவோ ஏதோவென்று ஓரம் கட்டி நின்றது. சத்தம் அடங்கியதும் அன்னூர்க்காரர் மீசையைத் தடவினார். தீவனக் கடைக்காரரை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"இன்னொருக்கா."

போட்டேன். சீர்த் தட்டுகள் உள்ளே போயின. கல்யாணம் நடந்தது. அந்தத் தம்பதிக்கு இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

எனக்கு மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அந்த வாரமே மாஸ்டரிடம் கச்சேரி பேச வந்தவர்கள் சொன்னார்களாம்: "பாட்டெல்லாம் சுமாரா இருந்தாப் போதுமுங்க. அந்தக் கும்புடற சத்தம் மட்டும் கண்டிப்பா வேணுமுங்க." ஸ்டீபன் கீபோர்டில் எதையோ இப்படியும் அப்படியும் திருகினான். ஞ்ஞாவ்வ்வ்ங் என்று அச்சு அசலாக வந்தது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

உலகத்தில் ஒரே பட்டனிடம் இரண்டு முறை வேலையை இழந்த கலைஞன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்த கிட்டாரைப் பழைய இரும்புக்குப் போட அப்பா ஆள் சொல்லியிருந்தார். அதற்குள் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அன்னூர்க்காரர். தோட்டத்துக்குப் புது மோட்டார் வேண்டுமாம். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அப்பாவுக்கு மேளம் தாளம் எதுவும் தெரியாது. வியாபாரம் தெரியும். "என்றா பாத்துட்டு நிக்கற? எந்திரிச்சு வாசி!" என்றார்.

அன்றிலிருந்து அன்னூர்ப் பக்கத்தில் பாதித் தோட்டங்களுக்கு எங்கள் கடை மோட்டார்தான். அப்பா காலமாகிவிட்டார். கடைக்கு இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்துவிட்டன. பச்சைக் கிட்டார் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நிற்கிறது. வேலுச்சாமி அண்ணன் சொன்னபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் சீசன் தவறாமல் ஒரே ரசிகருக்கு ஒரே சத்தத்தை வாசித்து வருகிறேன். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அதனால் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலும் விடுவதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, வந்திருக்கறது கத்தற ஆளுங்களா, கத்தாத ஆளுங்களா?"

கத்தாத ஆளென்றால் வெறும் காப்பி. கத்துகிற ஆள், அதாவது கிட்டாரே எழுந்து கும்பிட வேண்டிய ஆளென்றால் கூடவே முறுக்கும் வரும். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதும் அவள் அதே கேள்வியைக் கேட்கிறாள். பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். இன்றுவரை எனக்கு முறுக்கு வந்ததில்லை.